பழவேற்காட்டுப் பழைய இல்லங்களும் பயணியர் வாடகையும்

ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டுக்கு வருவோரைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். காலை ஒன்பது மணிக்குமேல் பொன்னேரிச் சாலை வழியே வண்டிகள் வரத் தொடங்குகின்றன. சென்னையிலிருந்து குடும்பத்தோடு வருவோர் சிலர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து விடுமுறையைக் கழிக்க வரும் இளைஞர்கள் சிலர். பறவைகளைக் காணத் தொலைநோக்கியுடன் வருவோர் சிலர். ஏரியைப் பார்க்கின்றனர். டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாயிலில் இருபுறமும் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களின் முன்னே படம் எடுத்துக்கொள்கின்றனர். இறாலும் நண்டும் வாங்குகின்றனர். பொழுது சாயுமுன் திரும்பிவிடுகின்றனர். வந்தவர் கையிலிருந்து ஊருக்குள் இறங்கும் பணம் மீன் விலையோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

அதே ஊரின் தெருக்களில், திண்ணையும் தூணும் முற்றமும் நாட்டோட்டுக் கூரையும் கொண்ட பழைய இல்லங்கள் சில பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் முதியவர் ஒருவரோ இருவரோ முன்கட்டில் வாழ்கின்றனர். பின்கட்டில் அரசமரக் கன்று சுவரைப் பிளந்துகொண்டிருக்கிறது. தங்க இடமின்றித் திரும்பும் மக்கள் ஒருபுறம். தங்க ஆளின்றி இடியும் வீடுகள் மறுபுறம். இவ்விரண்டையும் இணைத்தால் என்ன என்னும் வினாவே இக்கட்டுரையாயிற்று.

வரலாற்றுக் கட்டடங்களைப் பயணியர் தங்குமிடங்களாக வாடகைக்கு விட்டு, அவ்வருவாயைக் கொண்டே அவற்றைக் காப்பது உலகில் புதிதன்று. ஸ்பெயின் நாட்டரசு 1928-இல் தொடங்கிய 'பராடோர்' விடுதிகள் பல, பழைய கோட்டைகளிலும் துறவியர் மடங்களிலும் இயங்குகின்றன. இங்கிலாந்தில் 1965-இல் நிறுவப்பட்ட 'லேண்ட்மார்க் டிரஸ்ட்' என்னும் அறக்கட்டளை, கைவிடப்பட்ட கோபுரங்களையும் பண்ணை வீடுகளையும் சீர்செய்து, சில நாள்கள் தங்குவோருக்கு வாடகைக்கு விடுகிறது. அவ்வில்லங்களில் தொலைக்காட்சி வைப்பதில்லை. அதற்கு மாறாக வந்து தங்கியோர் எழுதிச் செல்லும் குறிப்பேடு ஒன்று வைத்திருப்பார்கள். கட்டடம் அறக்கட்டளையின் பொறுப்பில் நிற்க, வாடகை பராமரிப்புக்குச் செல்கிறது.

நம் மொழியிலும் இதற்கொரு சொல் உண்டு. பழைய அரசுப் பயணியர் விடுதிகளை நம் முன்னோர் 'முசாபரி பங்களா' என்றனர். அரபு மொழியில் 'முசாஃபிர்' என்றால் பயணி. அச்சொல் பாரசீகம், உருது வழியே நம் நாட்டுக்கு வந்து, தாலுகா அலுவலகத் தமிழில் நிலைத்து, வயற்காட்டு உழவரின் நாவிலும் புழங்கியது. இன்று அச்சொல்லும் அருகிவிட்டது. அவ்விடுதிகளில் பலவும் இல்லை.

முசாபரி பங்களாவாக இருந்ததால் பிழைத்த கோட்டை ஒன்று நம் கடற்கரையிலேயே உண்டு. தரங்கம்பாடியின் டான்ஸ்போர்க் கோட்டையைத்தான் குறிப்பிடுகிறேன். தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் 1620-இல் இசைவு பெற்று டேனியர் கட்டிய கோட்டை அது. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் 1978 வரை அரசின் பயணியர் மாளிகையாக அது பயன்பட்டது. பின்னரே தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையிடம் வந்தது. விருந்தினர் வரும் கட்டடத்தில் ஒழுகல் இருந்தால் யாரேனும் குறை சொல்வார்கள். குறை சொன்னால் யாரேனும் அடைப்பார்கள். ஆள் நடமாட்டமுள்ள கூரைக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு ஆளில்லாக் கூரைக்குக் கிடைப்பதில்லை.

இனிப் பழவேற்காட்டைப் பாருங்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கு எழுப்பிய கெல்டிரியா கோட்டை, தரங்கம்பாடிக் கோட்டைக்கு மூத்தது. சோழமண்டலக் கரையில் அவர்களது வாணிகத்தின் தலைமையிடமாக, 1690-இல் அத்தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை விளங்கியது. கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிகள் இத்துறையிலிருந்து கப்பலேறியதால், 'புலிகாட்' எனத் திரிந்த ஊர்ப்பெயர் அத்துணிக்கே பெயராகி ஆங்கில அகராதியில் ஏறியது. 1825-இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆனால் கோட்டை அதற்கு முன்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டுவிட்டது. இன்று அங்கு நிற்பது மேடும் முட்புதரும் அகழியின் சுவடுமே. வழிகாட்டி இல்லாமல் செல்வோர் 'கோட்டை எங்கே?' என்று கோட்டையின் மேலேயே நின்றுகொண்டு கேட்பார்கள்.

கோட்டை போனதைப் பற்றி நான் அதிகம் வருந்துவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். துணியோடு துப்பாக்கி மருந்தும், அடிமைகளாக விற்கப்பட்ட ஏழை மக்களும் இத்துறையிலிருந்து கப்பலேறியிருக்கின்றனர். அந்தக் கோட்டையைப் போற்றிப் பாட வேண்டிய கடன் நமக்கில்லை. வருத்தமெல்லாம் வீடுகளைப் பற்றியதே. அவை நம் மக்கள் கட்டியவை. மரைக்காயர்களும் லெப்பைகளும் கடல் வாணிகத்தில் ஈட்டிய பொருளைக் கொண்டு, நம் ஊர்த் தச்சரையும் கொத்தரையும் வைத்து, சுண்ணாம்பும் செங்கல்லும் மரமும் கொண்டு எழுப்பியவை. கல்லறைத் தோட்டத்தைக் காக்க நடுவணரசின் தொல்லியல் துறை இருக்கிறது. பள்ளிவாசலைக் காக்க ஜமாஅத் இருக்கிறது. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலைக் காக்க அதன் அடியார்கள் இருக்கின்றனர். இவ்வீடுகளைக் காக்க அவற்றின் சொந்தக்காரரைத் தவிர வேறு நாதியில்லை. சொந்தக்காரரோ கையறு நிலையில் இருக்கிறார்.

சென்ற ஆண்டு மாணவர் சிலருடன் அத்தகைய இல்லம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் வரவேற்றார். திண்ணையில் இரு மரத்தூண்கள். ஒன்றன் அடியைக் கறையான் தின்றிருந்தது. உள்ளே நீண்ட முன்கூடம். அதற்கப்பால் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், அடுத்த கட்டில் சமையலறையும் பெண்டிர் புழங்கும் அறைகளும். முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் இடையே இருந்த கதவின் செதுக்கு வேலையை மாணவர்கள் விரல்களால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தனர். 'ஏன் வாப்பா, இதைப் பழுது பார்க்கக் கூடாதா?' என்று ஒரு மாணவர் கேட்டார். பெரியவர் சிரித்தார்.

"தம்பி, வீடு ஒண்ணு, பங்கு ஏழு. மழை பேஞ்சா ஒழுகுறது மட்டும்தான் எனக்கு."

இதைவிடச் சுருக்கமாக இச்சிக்கலை யாரும் சொல்லிவிட முடியாது. தந்தையின் வீடு மக்கள் அனைவருக்கும் உரியது. மூத்தவர் சென்னை மண்ணடியில் கடை வைத்திருக்கிறார், ஒருவர் வளைகுடா நாட்டில், ஒருவர் மலேசியாவில், சகோதரிகள் மணமாகி வெவ்வேறு ஊர்களில். பங்கு அனைவருக்கும் உண்டு. ஓட்டை மாற்றும் செலவு மட்டும் இருப்பவர் தலையில். அவர் தம் பணத்தைப் போட்டுப் பழுது பார்த்தால் நாளை விற்கும்போது அது கணக்கில் வருமா என்னும் ஐயம். விற்பதற்கோ எழுவரின் கையொப்பமும் வேண்டும். எனவே எதுவும் செய்யாதிருத்தலே எல்லார்க்கும் எளிதாகிவிடுகிறது. இறுதியில் ஒருநாள் கூரை விழும். அன்று எழுவரும் ஒரே கருத்தினராகி மனையை விற்பர்.

அதற்கு முன்னரே கதவுகள் போய்விடும். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைக் கண்டவர்களுக்கு, செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களும் நிலைக்கதவுகளும் எப்படித் தனித்தனியாக விலைபோயின என்று சொல்ல வேண்டுவதில்லை. செட்டிநாட்டில் சிலர் விழித்துக்கொண்டனர். கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் காரைக்குடியிலும் சில மாளிகைகள் விடுதிகளாயின. தூண்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அவற்றின் ஓரிரவு வாடகை நம் ஆசிரியர் ஒருவரின் சில நாள் ஊதியம் என்பது வேறு செய்தி.

பழவேற்காட்டு வீடுகள் அத்துணைப் பெரியவை அல்ல. அதுவே அவற்றின் நற்பேறு என்பேன். பெருநிறுவனத்துக்கு அவை போதா. ஒரு குடும்பம் நடத்துவதற்கு ஏற்றவை. சுற்றுலாத் துறையின் 'படுக்கையும் காலை உணவும்' திட்டம் இத்தகைய வீடுகளுக்கென்றே வகுத்தது போல் அமைந்திருக்கிறது. ஓர் அறை முதல் ஆறு அறைகள் வரையே வாடகைக்கு விடலாம். வீட்டுக்காரர் குடும்பம் அவ்வீட்டிலேயே வாழ வேண்டும். இரண்டாவது நிபந்தனையை நான் மிக முதன்மையானதாகக் கருதுகிறேன். அதற்குக் காரணம் இலங்கையிலுள்ள காலி நகரம்.

காலிக் கோட்டையும் டச்சுக்காரர் வலுப்படுத்தியதே. 1640-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து அவர்கள் கைப்பற்றியது. கோட்டைச் சுவருக்குள்ளேயே தெருக்களும் வீடுகளும் உண்டு. அவ்வீடுகளில் வாழ்ந்தோரில் பெரும் பகுதியினர் முஸ்லிம்கள். மீரான் பள்ளிவாசல் இன்றும் கடலை நோக்கி வெண்ணிறமாக நிற்கிறது. 1988-இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 1684-இல் எழுந்த டச்சு அலுவலர் கட்டடம், பின்னர் நியூ ஓரியண்டல் ஓட்டலாகி, இந்நூற்றாண்டில் செல்வர் தங்கும் அமன்கல்லா விடுதியாயிற்று. வீட்டு விலை ஏறியது. அயல்நாட்டார் வந்து கேட்ட விலைக்குப் பலர் பழைய வீடுகளை விற்றுவிட்டுக் கோட்டைக்கு வெளியே குடியேறினர். அயலார் நிலம் வாங்குவதற்கு நூறு விழுக்காட்டு வரி விதித்து இலங்கை அரசு 2004-இல் தடுத்துப் பார்த்தது. 2014-இல் தனிச் சட்டமே இயற்றியது. வீடுகள் அழகாகக் காக்கப்பட்டுள்ளன என்பதை மறுக்க இயலாது. சுவரில் ஒரு கீறல் இல்லை. ஆனால் கதவைத் தட்டினால் திறப்பவர் அவ்வூர்க்காரராக இருப்பார் என்னும் உறுதி இல்லை.

தமிழ் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக வாழும் பினாங்கிலும் இதே கதைதான். 2000-ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. 2008-இல் உலக மரபுச் சிறப்பு வந்தது. பழைய குடியிருப்பாளர் பலர் வெளியேற, கடைவீடுகள் விடுதிகளாயின. கட்டடம் பிழைத்து ஊர் கரைந்துபோகும் பாதுகாப்பும் உண்டு என்பதை இவ்விரு ஊர்களும் காட்டுகின்றன.

அப்படியாயின் எந்த அளவுகோலைக் கொண்டு நாம் நடப்பது? நம் கையிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. வக்பு என்னும் ஏற்பாட்டின் உட்கரு யாது? மூலப்பொருள் அசையாமல் நிற்கும். அதன் பலன் மட்டும் செலவிடப்படும். தோட்டம் விற்கப்படாது, பழம் பங்கிடப்படும். ஒரு பள்ளிவாசலைச் சுற்றியுள்ள கடைகளின் வாடகையில் விளக்கு எரிவதும் மதரசாப் பிள்ளைகள் படிப்பதும் இம்முறையால்தான். கட்டடப் பாதுகாப்பாளர்கள் இருபதாம் நூற்றாண்டில் சென்று கண்டடைந்த வழியை, இச்சமுதாயம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்டு வருகிறது. பயணியர் வாடகையையும் இக்கோலால் அளக்கலாம். வீடு குடும்பத்திடமே நிற்க வேண்டும். வாடகை மட்டுமே கைமாற வேண்டும். வாடகையில் முதற்பங்கு கூரைக்கு, எஞ்சியதே மனிதருக்கு. இம்மூன்றில் ஒன்று தவறினும் அது விற்பனையின் முதற்படி ஆகிவிடும்.

ஏழு பங்கின் சிக்கலுக்கும் இதிலேயே ஒரு வழி தென்படுகிறது. குடும்பத்தாருக்கெனச் செய்யப்படும் வக்பு, 'வக்பு அலல் அவ்லாத்' எனப்படும். வீடு பிளவுபடாமல் நிற்க, அதன் வருவாய் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தாருக்கும் இறுதியில் அறத்துக்கும் செல்வது அதன் இயல்பு. பிரிவி கவுன்சில் 1894-இல் அளித்த ஒரு தீர்ப்பு இவ்வகை வக்பை ஆட்டம் காணச் செய்தது. 1913-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. பெண்மக்கள் உள்ளிட்ட வாரிசுகளின் உரிமையை இதைக் கொண்டு பறிக்கக் கூடாது என்று 2025-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகிறது. அந்த ஒரு விதியை நான் வரவேற்கிறேன். சகோதரிகளை ஒதுக்கிவிட்டுக் காக்கப்படும் வீட்டில் என்ன மரபு இருக்கப்போகிறது? வக்பு வேண்டாம் என்போர் எழுவரும் சேர்ந்து ஒருவருக்குக் குத்தகை எழுதிக் கொடுத்து, ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கைக் காட்டச் செய்யலாம். எழுத்தில் இருப்பது முதன்மை. வாய்ப்பேச்சாக விட்ட ஏற்பாடு அடுத்த தலைமுறையில் வழக்காகும்.

பெரியோர்கள் எழுப்பும் தடைகளை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் பேசிய பெரியவரே முதலில் கேட்டது பணத்தைப் பற்றியன்று. "விருந்தாளிக்கிட்ட காசு வாங்குறதா?" என்றார். விருந்தோம்பலைக் கடமையாகக் கொண்ட வீட்டில் இவ்வினா எழாவிட்டால்தான் வியப்பு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பர். உறவினருக்கும் நண்பருக்கும் உரியது அவ்விருந்து. முகம் அறியாத பயணி விருந்தை நாடி வரவில்லை. உறங்க இடம் தேடி வருகிறான். அவன் தரும் வாடகை அவனுக்கும் மதிப்பு, வீட்டுக்கும் மதிப்பு.

இரண்டாவது தடை, அயலார் வீட்டுக்குள் வந்தால் பெண்டிரின் ஒதுக்கம் என்னாவது என்பது. இதற்கு விடை அவ்வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. திண்ணை வழிப்போக்கருக்கு, முன்கூடம் வணிகருக்கும் ஆண் விருந்தினருக்கும், நடுக்கதவுக்கு அப்பால் குடும்பத்துக்கு. கப்பலில் வந்த அயல்நாட்டு வணிகரோடு கணக்கு முடித்த மக்கள், அயலாரை எங்கு நிறுத்துவது என்று அறிந்தே கட்டியிருக்கின்றனர். முன்கட்டில் இரண்டு அறைகளும் தனிக் குளியலறையும் அமைத்து நடுக்கதவைத் தாழிட்டால் போதும். இக்கால அடுக்குமாடி வீட்டில் இந்த வசதி ஏது?

மது அருந்துவோரும் கூச்சலிடுவோரும் வருவரே என்றும் கேட்டனர். வருவர். வீட்டுக்காரர் வாழும் வீட்டில் விதியும் அவருடையதே. மது இல்லை, இரவு பத்து மணிக்குமேல் வாயிற்கதவு திறவாது என்று முன்னரே எழுதி அறிவித்துவிட்டால், அதற்கு இசைந்தவர் மட்டுமே வருவர். தொழிற்பேட்டைக்குப் பணி நிமித்தம் வரும் பொறியாளர்களில் குடும்பத்தோடு வருவோரும், பறவை ஆராய்வோரும், டச்சுக் கல்லறைகளின் எழுத்துகளைப் படிக்க வரும் ஆய்வாளரும் இத்தகைய அமைதியான வீட்டையே தேடுவர். வந்தவர் பெயரையும் சான்றையும் பதிவேட்டில் குறிப்பதும், அயல்நாட்டார் தங்கினால் உரிய அலுவலர்க்குத் தெரிவிப்பதும் சட்டப்படி செய்ய வேண்டியவை. எனவே யார் வந்து போனார் என்று தெரியாத நிலை எழாது.

சட்டத்தைப் பற்றி இன்னொன்று. கல்லறைத் தோட்டம் நடுவணரசால் பாதுகாக்கப்பட்ட சின்னமாதலால், 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதன் எல்லையிலிருந்து நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பத் தடை உண்டு. அதற்கப்பால் இருநூறு மீட்டர் வரை ஒப்புதல் பெற்றே கட்ட வேண்டும். அருகில் மனை வைத்திருப்போர் இதை ஒரு சுமையாகவே கருதுகின்றனர். இடித்துவிட்டுக் கட்டவும் இயலாது. கட்டாமல் விற்றால் விலையும் வராது. ஆனால் ஏற்கெனவே உள்ள பழைய வீட்டை ஒப்புதலுடன் பழுது பார்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆக, அவ்வெல்லைக்குள் வருவாய் தரவல்லது பழைய வீடே. இடித்தால் வெறுமனை, காத்தால் வாடகை. சுமை எனக் கருதிய சட்டம் இங்குத் துணையாகிறது.

பழுது பார்ப்பதில்தான் நம்மவர் பெரும்பாலும் தவறிழைக்கின்றனர். உப்புக்காற்று வீசும் ஊரில் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்பு பூத்துச் செங்கல் மாவாக உதிரும். நான் கண்ட வீட்டில், இருபது ஆண்டுகளுக்கு முன் நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசிய சுவர்தான் மிகவும் சிதைந்திருந்தது. கை படாத சுவர் நன்றாகவே நின்றது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசும் கொத்தர்கள் தமிழ்நாட்டில் அடியோடு அற்றுப்போகவில்லை. செட்டிநாட்டு வேலைகள் அவர்களில் சிலரை வாழ வைத்திருக்கின்றன. ஏரிக்கு அப்பால் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் சுண்ணாம்புக்குளம் என்றோர் ஊர் இருக்கிறது. சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த கரைக்கு அப்பெயர் நன்கு பொருந்துகிறது. அக்கரையிலேயே இன்று சிமெண்ட் மூட்டை ஒன்றே கட்டடப் பொருள் என எண்ணும் தலைமுறை வந்துவிட்டது.

செலவுக்குக் கட்டுபடியாகுமா என்று கேட்போருக்காக ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு அறைகள், அறைக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபாய், ஆண்டில் 80 இரவுகள் மட்டும் ஆள் வருவதாகக் கொள்வோம். வரவு 2,40,000 ரூபாய். உணவு, துப்புரவு, மின்சாரம் எனப் பாதி போனாலும் 1,20,000 மிஞ்சும். இதைக் கொண்டு முழு வீட்டையும் ஓராண்டில் புதுப்பிக்க இயலாது. ஆனால் ஆண்டுக்கு ஒரு பகுதியின் ஓட்டை மாற்றலாம். அடுத்த ஆண்டு ஒரு சுவருக்குச் சுண்ணாம்பு. அதற்கடுத்து இரண்டு தூண்கள். வீடுகள் ஒரே நாளில் இடிவதில்லை. ஒரே நாளில் காக்கப்படவும் வேண்டுவதில்லை. தவிரவும், சமைக்கும் பெண்ணுக்கும், பனையோலையில் பெட்டியும் கூடையும் முடையும் நம் பெண்டிருக்கும், ஏரிக்கரையைக் காட்டும் இளைஞனுக்கும் தங்கிச் செல்லும் விருந்தினரால் வருவாய் உண்டு. பகலில் வந்து போவோர் கூடையைப் பார்ப்பார்கள், தங்குவோர்தாம் வாங்குவார்கள்.

படகுச் சவாரியைக் காட்டித்தான் மக்களை ஈர்க்க வேண்டும் என்னும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை இவ்வட்டாரம் மறக்கவில்லை. வீடும் தெருவும் உணவும் ஊர்க்கதையும் காட்டுவதற்குப் போதும்.

காலம் மட்டும் நம் பக்கம் இல்லை. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-இலும் காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013-இலும் இயங்கத் தொடங்கின. காட்டுப்பள்ளியை விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்து மீனவர்கள் குரல் கொடுத்து வருகின்றனர். மேற்கே தொழிற்பேட்டை வளர்கிறது. வட மாநிலத் தொழிலாளருக்கு வாடகை அறைகள் வேண்டியிருக்கின்றன. பழைய வீட்டின் முற்றத்தைத் தகரத்தால் மூடிப் பத்து அறைகளாகத் தடுத்தால் பயணியர் வாடகையை விட மிகுதியாகக் கிடைக்கும் என்று ஒருவர் என்னிடமே கணக்கிட்டுக் காட்டினார். அவர் கணக்கில் பிழை இல்லை. உழைக்க வந்தவருக்கு நல்ல உறைவிடம் வேண்டும் என்பதிலும் ஐயமில்லை. அதைப் புதிதாக, காற்றோட்டமாக, அவருக்கென்றே கட்டித் தருவதே நேர்மை. ஒழுகும் மாளிகையைத் தடுத்து அடைப்பதால் தொழிலாளிக்கும் நலமில்லை, வீட்டுக்கும் நலமில்லை.

முதலில் ஒரே ஒரு வீடு போதும். அவ்வீட்டுக்கு வேண்டிய முதற்செலவை வட்டியில்லாக் கடனாகத் தர ஜமாஅத்தோ ஊரின் செல்வரோ முன்வரலாம். கல்லூரிகள் பணமாகத் தர இயலாவிடினும் ஆளாகத் தரலாம். தமிழ்த் துறை மாணவர்கள் வீட்டுக் கதைகளையும் வழக்கிலுள்ள கட்டடச் சொற்களையும் தொகுக்கலாம். வரலாற்றுத் துறையினர் பத்திரங்களைப் படிக்கலாம். எந்தெந்த வீட்டில் எது மிஞ்சியிருக்கிறது என்று ஒரு பட்டியல் வரையலாம். மரபுக் கட்டடங்களுக்கென ஓர் ஆணையம் அமைக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2012-இலேயே இயற்றிவிட்டது. பட்டியல் நம் கையில் இருந்தால்தான் எந்த ஆணையத்தின் கதவையும் தட்ட முடியும்.

நாங்கள் சென்ற அன்று மாணவர் இருவர் பெரியவரின் வீட்டை அளந்து வரைபடம் ஒன்று தீட்டினர். முன்கட்டில் இரண்டு அறைகள் எங்கு அமையும் என்று அதில் பென்சிலால் கோடிட்டுக் காட்டினர். அவர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்; மடித்துக் குர்ஆன் வைத்திருந்த மாடத்தின் கீழ்த்தட்டில் வைத்தார். வரும் பெருநாளுக்குப் பங்குக்காரர் எழுவரும் ஊருக்கு வருவதாகவும், அன்று அதை எடுத்துக் காட்டிப் பேசுவதாகவும் சொன்னார். நடுக்கதவுக்கு விலை பேசிச் சென்ற பழம்பொருள் வணிகரும் பெருநாள் கழித்து வருவதாகத்தான் சொல்லியிருக்கிறாராம்.